குட்டிக்குத் தெரிந்த தரை

கால்நடை ஆய்வாளர் என்பது சம்பளப் பட்டியலில் எனக்கு இருந்த பெயர். செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நான் மாட்டு டாக்டர்தான். படித்த டாக்டர் மருந்தகத்தில் இருப்பார். நாங்கள் சினை ஊசிப் பெட்டியும் தடுப்பூசிப் பெட்டியுமாகக் கொல்லைக்கும் கொட்டகைக்கும் போகிறவர்கள். கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு என்றே வேலைக்காலம் ஓடிவிட்டது. நாய் அந்தக் கணக்கில் வராது. வெறிநாய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் மட்டும் நாயின் முகத்தைப் பார்ப்போம்.

ஓய்வு பெற்ற பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. வருகிற போன்களில் பாதி நாய்க்குட்டிக்காக. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்க வருகிறவர்கூட ஆட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக விஷயத்துக்கு வருவார். "சார், பொண்ணு ஆசப்பட்டுச்சினு ஒரு குட்டி வாங்கியாந்தோம். வூட்டுக்குள்ளயே பேஞ்சி வைக்குது. அடிச்சாலும் கேக்க மாட்டேங்குது. இன்னா பண்றது?"

என் பெரியப்பா வீட்டிலும் நாய் இருந்தது. தெருவில் பாதி வீடுகளில் இருந்தது. அந்த நாட்களில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்த நாய்கள் புத்திசாலி, இந்த நாய்கள் மக்கு என்று அர்த்தமில்லை. அவை பிறந்த இடம் வேறு.

வைக்கோல் போரின் அடியில் நாட்டு நாய் குட்டி போட்டிருந்தால், கிட்டே போகாமல் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முதல் ரெண்டு வாரம் குட்டிகளுக்குக் கண் திறக்காது. தானாக மூத்திரம் போகக்கூடத் தெரியாது. தாய் வந்து வயிற்றின் அடியை நக்கிக் கொடுத்தால்தான் போகும். வருவதைத் தாயே நக்கித் தின்றுவிடும். அதனால்தான் போரின் அடியில் நாற்றமே இருக்காது. மூன்றாவது வாரத்தில் கால் ஊன்றியதும் காட்சி மாறும். தூங்கி எழுந்த குட்டி, வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வைக்கோலை விட்டு வெளியே வரும். பின்னங்கால்கள் இன்னும் சொன்னபடி கேட்காது. வைக்கோல் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நின்று, மூக்கைத் தரையில் வைத்து ஒரு சுற்று சுற்றி, அங்கேயே மூத்திரம் இருந்துவிட்டுத் திரும்பவும் தாயின் மடிக்குள் புகுந்துகொள்ளும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் நாய் பிறக்கிறது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல இன நாய்க்குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாகக் கவனித்து, 1965இல் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்கள். மூன்று வார வாக்கில் குட்டி படுக்கையை விட்டு விலகிப் போகத் தொடங்குகிறது என்றும், எட்டரை வாரத்தை ஒட்டி 'என் இடம் இது' என்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றும் அதில் வருகிறது. வைக்கோல் போரின் ஓரத்தில் நாம் பார்ப்பதும் அதுதான். இந்த ஐந்தாறு வாரத்தில் குட்டி எதன்மேல் நின்று பழகுகிறதோ, காலடியில் அதே மாதிரி ஒன்று தட்டுப்பட்டால்தான் பின்னாளில் அதற்குப் போக வரும். மண்ணில் பழகியது மண்ணைத் தேடும். சிமென்ட்டில் பழகியது சிமென்ட்டைத் தேடும். வீடு எது, வெளி எது என்று நாம் கதவை வைத்துப் பிரிக்கிறோம். குட்டி காலடியை வைத்துப் பிரிக்கிறது.

செஞ்சியில் என் பிள்ளைப் பருவத்து வீடுகளில் சாணம் மெழுகிய தரை, சிமென்ட் பூசிய திண்ணை, அதைத் தாண்டினால் செம்மண் வாசல். நாய்க்கு வாசல்வரைதான் அனுமதி. அந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையை ஒட்டிய தெருக்களில் கீழே கடை, மேலே குடித்தனம், அறை முழுக்க டைல்ஸ், வாசல்வரை சிமென்ட். சில வீடுகளில் கைப்பிடி மண்ணை எடுக்கக்கூட இடம் கிடையாது. குட்டியும் வைக்கோல் போரிலிருந்து வருவதில்லை. லேப், பொமரேனியன், ஷிட்சு என்று சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறது. வளர்த்தவர் கம்பிக் கூண்டில் பேப்பர் விரித்து வளர்த்திருப்பார். தின்பதும் தூங்குவதும் இருப்பதும் அந்த ஒரே கூண்டில். பிறப்பிலேயே இருந்த சுத்த புத்தி அங்கேயே மழுங்கிவிடுகிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பத்தைந்து, நாற்பது நாளில் கைமாறிய குட்டிகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்படி வந்த ஒரு லேப் குட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வீடு. முதல் மாடி, வெள்ளை டைல்ஸ். டீச்சரும் கணவரும் காலையில் கிளம்பிவிடுவார்கள். மாமனார், மாமியார், ஒரு பையன், குட்டி. "சார், பாத்ரூம்ல விட்டா போவ மாட்டேங்குது. மாடிக்குத் தூக்கினு போனாலும் போவ மாட்டேங்குது. கீழ எறக்கி வுட்ட ஒடனே கூடத்துல போயிடுது" என்றார் டீச்சர். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். குட்டி தூங்கி எழுந்தது. நேராக மாமனாரின் நாற்காலிக்குப் போயிற்று. அவர் படித்து மடித்துக் கீழே வைத்திருந்த பேப்பரின் மேல் ஏறி, சுற்றி, இருந்துவிட்டு வந்தது. பெரியவர் கையை ஓங்கினார். "தம்பி, இது இவரு பேப்பருக்குன்னே பொறந்திருக்குப்பா" என்றார் மாமியார் பக்கத்திலிருந்து.

அந்தக் குட்டி தப்பு எதுவும் செய்யவில்லை. பிறந்த இடத்தில் எதன்மேல் போகச் சொன்னார்களோ அதைத் தேடிப் போயிருந்தது. இந்த வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே கழிப்பிடம் அந்தப் பேப்பர்தான். மாடியில் சுடுகிற சிமென்ட் தரையும் பாத்ரூமின் ஈர டைல்ஸும் அதன் காலுக்கு அந்நியம். பேப்பரை வைத்தே அதை மண்ணுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். கொத்தனார் கலவை தூக்குகிற இரும்புச் சட்டி ஒன்று, அகலமானதாக, வாங்கச் சொன்னேன். அது நிறைய செம்மண். மண் முழுக்க மறைகிற மாதிரி மேலே பேப்பர். பெரியவரின் நாற்காலிப் பக்கம் வேறு பேப்பர் இருக்கக் கூடாது. சட்டியை மொட்டை மாடிப் படியின் தலைப்பில் நிழலில் வைத்தாயிற்று. பேப்பரைக் கண்டதும் குட்டி ஏறியது. சில நாள் போனதும் பேப்பரைப் பாதியாகக் கிழித்துப் போட்டோம், பிறகு கால் பங்கு, பிறகு உள்ளங்கை அகலம். கடைசியில் வெறும் மண். மண்ணுக்குக் கால் பழகிய பிறகு கீழே தெருமுனையில் இருந்த காலி மனை அதற்குப் புது இடமாகத் தெரியவில்லை. மூக்கை வைத்தது, சுற்றியது, போயிற்று.

மண் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பார்வோ என்று ஒரு நச்சுயிரி. 1978 வாக்கில் உலகமெங்கும் பரவியது. வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டியைச் சில நாளில் கொன்றுவிடும். நோய்கண்ட நாய் இருந்துவிட்டுப் போன மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை அடுத்தடுத்த ஊசிகள். அது முடியும்வரை தெருநாய் நடமாடுகிற இடத்தில் குட்டியை இறக்கக் கூடாது. பழக்க வேண்டிய வயதும் தெருவுக்கு விடக்கூடாத வயதும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். சட்டி மண் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ஊருக்கு வெளியே, வேலி போட்ட சொந்தக் கொல்லையில், ஒரு சாண் ஆழத்துக்கு மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடிமண்ணை எடுத்துவரச் சொல்வேன்.

இடம் முடிவானால் அடுத்தது நேரம். குட்டி எப்போது போகும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. தூங்கி எழுந்ததும் போகும். தின்றதும் போகும். வயிற்றில் சோறு விழுந்தால் குடல் அசையத் தொடங்குவது அதன் உடம்பின் வழக்கம். ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் தெரிந்துவிடும். ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நின்று, மூக்கைத் தரையில் வைத்துச் சுற்றினால் அடுத்த நொடி மூத்திரம்தான். ரெண்டு மாதக் குட்டியால் ரெண்டு மணி நேரம், மூன்று மாதக் குட்டியால் மூன்று மணி நேரம் தாங்க முடியும் என்பது ஒரு தோராயக் கணக்கு. விழித்திருந்து ஆடுகிற நேரத்தில் அதுவும் தாங்காது. அந்த நேரங்களில் நாமே தூக்கிக்கொண்டு போய் இடத்தில் விட்டு நிற்க வேண்டும். போய்க்கொண்டிருக்கும்போதே ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். டீச்சர் வீட்டில் "மூச்சா, மூச்சா". முடித்த உடனே, அந்த இடத்திலேயே, வாயில் ஏதாவது ஒரு துண்டு. எங்கள் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பஞ்சமில்லை. உப்புப் போடாமல் வேகவைத்த பருப்பில் ஒன்றே ஒன்று போதும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி என்று குட்டி எடுத்துக்கொள்ளும்.

கூண்டு வாங்கச் சொன்னால் விலையைக் கேட்டே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். எங்கள் ஊர் வீடுகளில் கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை இருக்கிறதே, அது நாற்பது, ஐம்பது நாள் குட்டிக்கு நல்ல ராத்திரி அறை. காற்று வரும், வெளியே தெரியும், குட்டி திரும்பிப் படுக்கிற அகலம் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு சாக்கு. கூடை பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் இருந்துவிட்டு இன்னொரு மூலையில் தூங்கும், அது கூடாது. படுக்கையை அசிங்கப்படுத்தத் தயங்கிக் குட்டி முனகும். அந்த முனகல்தான் நமக்கு அழைப்புமணி. அதனால் கூடையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்; வராந்தாவில் வைத்தால் யாருக்கும் கேட்காது. நடு ராத்திரி ஒருமுறை எழுந்து சட்டிக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் போய் வந்தால் அது விளையாட்டு நேரமில்லை என்று அதற்குப் புரியும். பகலில் மணிக்கணக்காகக் கவிழ்த்து வைப்பதும், மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கட்டிப்போடுவதும் நேர்மாறான பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும். ஓட வழியில்லாத குட்டி நின்ற இடத்திலேயே போகும். அதுவே பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பின்னால் எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. செஞ்சிக் கோட்டை என்றால் எங்களுக்கு இன்னும் தேசிங்கு ராஜாதான். தில்லியில் யாரையும் முதுகில் ஏறவிடாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளவயதிலேயே மாண்டவன் அவன். வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கதை கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு மிருகம் என்றாலே அடக்க வேண்டியது என்று ஆகிவிட்டது. குட்டியின் கழுத்தைப் பிடித்து, அது இருந்த இடத்தில் மூக்கைத் தேய்த்து, முதுகில் ரெண்டு போடுவார்கள். அரை மணிக்கு முன்னால் நடந்ததற்கும் இப்போது விழுகிற அடிக்கும் குட்டி முடிச்சுப் போடாது. இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் வெளியே கூட்டிப்போனாலும் நம் கண் எதிரில் போகாது. உள்ளே வந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போகும், கட்டிலுக்கு அடியில் போகும். "திருட்டுத்தனம் பண்ணுது சார்" என்பார்கள். திருடக் கற்றுக்கொடுத்தது அந்த அடிதான்.

போகும்போதே கண்டுவிட்டால் கையைத் தட்டி ஒரு சத்தம். அது நிறுத்திவிடும். தூக்கிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். போய் முடித்த பிறகு கண்டால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

துடைப்பதிலும் ஒரு வேலை இருக்கிறது. பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்கு மணக்கும். குட்டியின் மூக்குக்கு அடியில் மூத்திர வாடை அப்படியே இருக்கும். டைல்ஸ் வீட்டில் குட்டி திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போகிறது என்றால் குனிந்து டைல்ஸுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். மற்ற இடத்தில் வெள்ளை, அங்கே மட்டும் மஞ்சள் ஏறியிருக்கும். டைல்ஸ் குடிக்காது, அந்தக் கோடு குடிக்கும். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, என்சைம் சேர்ந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அந்தக் கோட்டில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்து அலசினால் வாடையின் வேர் போகும். அம்மோனியா வாடை அடிக்கிற திரவங்கள் வேண்டாம். மூத்திரத்திலும் அந்த வாடைதான், குட்டிக்கு அது மறு அழைப்பு. பிளீச்சிங் பவுடர் பார்வோ வந்த வீட்டைக் கழுவ நல்லது. ஆனால் அதை ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. எதைப் போட்டுக் கழுவினாலும் ஈரம் காய்கிறவரை குட்டியை விடாதீர்கள். பாதத்தை நக்கி அத்தனையையும் உள்ளே தள்ளிக்கொள்ளும்.

பழக்கத்தின் தலையில் பழியைப் போட முடியாத கேஸ்களும் உண்டு. பாக்கெட் பாலும் பிஸ்கட்டும் மட்டுமே கொடுக்கிற வீட்டில் குட்டிக்கு வயிறு இளகியே இருக்கும். தாய்ப்பாலை விட்ட குட்டி பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது. இளகிய வயிற்றோடு அது எங்கே காத்திருக்கும்? பாலை நிறுத்தி, குழைந்த சோற்றில் வேகவைத்த கோழியோ முட்டையோ பிசைந்து, நேரத்துக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டால் வெளிக்குப் போகிற நேரமும் ஒழுங்குக்கு வந்துவிடும். நாள் முழுக்கத் தட்டில் தீனி கிடந்தால் நாள் முழுக்கப் போகும். குடற்புழு இன்னொன்று. தாயின் வயிற்றிலேயே புழு ஒட்டிக்கொண்டு வரும். பிறந்த ரெண்டாவது வாரம் தொடங்கி மூன்று மாதம்வரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். அந்தப் புழுவின் முட்டை குழந்தைகள் வாயில் போனால் அவர்களுக்கும் கேடு. அதனால் சட்டியில் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டு மண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொட்டுச் சொட்டாக அடிக்கடி போகிற பெண் குட்டிக்கு மூத்திரத் தாரையில் கிருமி இருக்கலாம். தூங்கும்போதே படுக்கை நனைகிறது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றால், சிறுநீர்க் குழாய் பையில் சேராமல் வேறிடத்தில் திறந்திருக்கிற பிறவிக் கோளாறாகவும் இருக்கக்கூடும். அது அபூர்வம்தான், ஆனால் பழக்கி அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்கேன் பார்க்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்களுக்குக் கிட்டத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் உள்ள கால்நடைக் கல்லூரி. அனுப்பிவிடுவேன்.

இன்னொரு வகை, வீட்டுத் தலைவர் பைக்கை நிறுத்தி உள்ளே வந்த உடனே அவர் காலடியில் படுத்து, வாலைச் சுருட்டி, மூத்திரம் விடுகிற குட்டி. அவர் அதைத் திமிர் என்பார். நாய் மொழியில் அது கும்பிடு. 'நான் சின்னவன், ஒண்ணும் செய்யாதே' என்கிறது. அதற்கும் அடித்தால் அடுத்த முறை இன்னும் கூடுதலாகக் கும்பிடும். உள்ளே வந்ததும் அதைப் பார்க்காமல், பேசாமல் போய் உட்காருங்கள், அது தானாகக் கிட்டே வந்ததும் பக்கவாட்டில் குனிந்து மார்பைத் தடவுங்கள், தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகாதீர்கள் என்பேன். இந்த மருந்து கசப்பதாகப் பல ஆண்கள் சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்யும்.

பழகிய குட்டியும் சில நாட்களில் சறுக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த மண்ணில் கால் வைக்காமல் வாசல் நிலையிலேயே நிற்கும். தீபாவளி வெடி ராத்திரியிலும் அப்படித்தான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசைதோறும் ராத்திரியில் பஸ்ஸும் வேனும் செஞ்சி வழியாக ஆரனை அடித்துக்கொண்டு போகும்போது, சாலையோரத்து வீட்டுக் குட்டிகள் பயத்தில் உள்ளேயே விட்டுவிடும். அந்த நாட்களுக்கென்று மூடிய இடத்தில் காய்ந்த மண் ஒரு சட்டி இருக்கட்டும். நாலு நாள் சறுக்கினால் பழைய நேர ஒழுங்குக்கு ஒரு வாரம் திரும்பிப் போனால் போதும்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பார்கள். நாலு மாதத்தில் பழகுவதும் உண்டு, ஆறேழு மாதம் இழுப்பதும் உண்டு. கூண்டில் நாள் கழித்த குட்டிக்குக் கூடவே ஆகும். அதனால் குட்டி வாங்கப் போகும் முன்பே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. முகத்தையும் முடியையும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணாதீர்கள். தாய் எங்கே படுத்திருக்கிறது என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். படுக்கையும் கழிப்பிடமும் ஒன்றாக இருந்தால், விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் யோசியுங்கள். படுக்கை ஓரிடமும் நாலடி தள்ளி மண்ணோ மணலோ கொட்டிய இடமும் இருந்தால், அந்த வளர்ப்பாளர் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கிளம்பும்போது அந்த மண்ணில் ரெண்டு கைப்பிடி கேட்டுப் பையில் வாங்கி வாருங்கள். வீட்டில் உங்கள் சட்டி மண்ணின்மேல் தூவிவிட்டு, குட்டியை முதலில் அங்கே இறக்குங்கள். வீடு புதிது, ஆள் புதிது, சத்தம் புதிது. போகிற இடம் மட்டுமாவது அதற்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.